டோபி மார்க்கிலிருந்து ஒரு ரூன் மந்திரம்

எங்கள் வீட்டு பீரோவில் தாத்தாவின் பழைய வேட்டி ஒன்று இருக்கிறது. ஓரத்தில், கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கறுப்பாக ஒரு சின்னக் குறி: சாய்வாக இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. வண்ணாரப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, டோபி மார்க். பல வீட்டுத் துணியை ஒன்றாக வெளுத்து, ஒன்றாகக் காயப்போட்டு, ஒன்றுகூட மாறாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்கு ஒரு குறி வேண்டும். சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறி எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. தாத்தா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. குறி அப்படியே இருக்கிறது.

எங்கள் விளையாட்டுக்கு ரூன் என்ற பழைய எழுத்தை வைத்து ஒரு மந்திர முறையை அமைக்க இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வழி காட்டியது இந்த வேட்டிதான்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் சில வரிகள். டேபிள்டாப் ஆர்பிஜி என்பது நாலைந்து பேர் உட்கார்ந்து பேசியே ஆடும் கதை விளையாட்டு. ஒருவர் கேம் மாஸ்டர். உலகம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது. சின்ன வயதில் திருடன் போலீஸ் ஆடியபோது "சுட்டுட்டேன்", "இல்ல, என் மேல படல" என்று சண்டை வருமே, அந்தச் சண்டையைத் தீர்க்கச் சட்டம் எழுதி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆடுவது தண்டையார்பேட்டையில், மொட்டைமாடியில், ஞாயிறு சாயங்காலம். நான் கேம் மாஸ்டர். ஆடுபவர்கள் என் தங்கை, காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருக்கும் நண்பன், அவனுடைய அத்தை மகன். யார் லேட்டாக வருகிறாரோ அவர் செலவில் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ்.

ரூன் என்பது முதலில் எழுத்து

ரூன் என்றவுடன் ஒளிவிடும் கல்லும் நீளத் தாடி மந்திரவாதியும்தான் மனதில் வரும். ஆனால் அது வட ஐரோப்பாவில் ஜெர்மானிய மொழிகளை எழுதப் பயன்பட்ட எழுத்து, அவ்வளவுதான். பழைய வரிசையில் 24 எழுத்து. ஏறத்தாழ பொது ஆண்டு 2ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டு வரை புழங்கியது. முதல் ஆறு எழுத்தின் ஒலியைச் சேர்த்து ஃபுதார்க் என்று அதற்குப் பெயர். வைக்கிங்குகள் காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் அது 16ஆகக் குறைந்துவிட்டது. மரத்தில் கீறுவதற்கு ஏற்ற வடிவம் என்பதால் கிடைக்கோடு கிடையாது. போட்டால் மரத்தின் ரேகையோடு ரேகையாக மறைந்துவிடும். செங்குத்தும் சாய்வும் மட்டுமே. ஓலையில் நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதால்தான் நம் எழுத்து வளைந்தது என்று சொல்வார்களே, அதையே மரத்துக்கு மாற்றிச் சொன்னது போல.

ஒவ்வொரு ரூனுக்கும் ஒலி போக ஒரு பெயரும் உண்டு. முதல் எழுத்தின் பெயர் ஃபெஹு. மாடு என்று பொருள். செல்வம் என்றும் பொருள். நமக்கு இது புதிதல்ல, கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவரும் 'மாடு' என்ற சொல்லைச் செல்வம் என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார். இன்னொரு எழுத்துக்கு ஆலங்கட்டி என்று பெயர், மற்றொன்றுக்குப் பனிக்கட்டி. ஒரே கீறல் ஒலியாகவும் இருக்கிறது, பொருளாகவும் இருக்கிறது. விளையாட்டு அமைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, இந்த எழுத்தால் என்ன எழுதினார்கள்? கிடைத்த மிகப் பழைய ரூன்களில் ஒன்று டென்மார்க்கில் ஒரு சீப்பின் மேல் இருக்கிறது. காலம் ஏறத்தாழ பொது ஆண்டு 160. எழுதியிருப்பது 'ஹர்யா' என்ற ஒரே சொல், பெரும்பாலும் ஆள்பெயர் என்கிறார்கள். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் இருப்பது ஞாபகம் வருகிறதா? அங்கே சீப்பு, இங்கே பானை, எங்கள் வீட்டில் வேட்டி. எழுத்தைக் கையில் எடுத்த மனிதன் முதல் வேலையாகத் தன் பொருள்மேல் தன் அடையாளத்தைப் போட்டிருக்கிறான்.

மந்திரமாகவும் எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதையான எகில் சாகாவில் ஓர் இடம் வருகிறது. ஒரு பெண் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். கதாநாயகன் எகில் போய்ப் படுக்கையைத் தேடினால் திமிங்கல எலும்பு ஒன்று கிடைக்கிறது, அதில் ரூன்கள். அவள்மேல் ஆசைப்பட்ட பையன் ஒருவன் செதுக்கி வைத்தது. ஆனால் எழுதத் தெரியாமல் தப்பாகச் செதுக்கிவிட்டான். அதில் நோய் முற்றிவிட்டது. எகில் அந்தக் கீறலைச் சுரண்டி நெருப்பில் போடுகிறான், எலும்பையும் எரிக்கிறான், வேறு ரூன் சரியாகச் செதுக்கித் தலையணைக்கு அடியில் வைக்கிறான். அவள் தேறிவிடுகிறாள்.

ஒரு மந்திர முறைக்கு வேண்டிய சட்டம் முழுக்க இந்தச் சின்னக் கதையிலேயே இருக்கிறது. வாயால் சொன்ன மந்திரம் காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும். நிற்பதால் அடுத்தவன் அதைப் படிக்கலாம், அழிக்கலாம். பிழை நேர்ந்தால் பிழையும் அங்கேயே நின்று வேலை செய்துகொண்டிருக்கும். எழுத நேரம் வேண்டும், எழுதுவதற்கு ஒரு பரப்பு வேண்டும். நீங்கள் அமைத்த முறையில் 'ரூன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மந்திரம்' என்று போட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை என்றால் உங்கள் ரூன் வெறும் ஸ்டிக்கர்தான். என் முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது.

பத்தைப் படித்தால் இருபத்து நாலு

அந்த முதல் முயற்சியில் 24 ரூனையும் அப்படியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி எழுதி, கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தேன். மூன்றாவது வாரம் தங்கை அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இதுக்கு பீரியாடிக் டேபிளே பரவாயில்ல" என்றாள். அன்று அந்த அட்டை பஜ்ஜித் தட்டுக்கு மூடியானது.

தப்பு எண்ணிக்கையில் இல்லை. 24 குறிக்கு 24 சக்தி என்றால் மனப்பாடத்துக்கு ஏற்ற பலன் இல்லை. நம் எழுத்தைப் பாருங்கள்: உயிர் 12, மெய் 18, இந்த முப்பதின் உருவமும் சேர்கிற விதமும் தெரிந்தால் உயிர்மெய் 216 கையில் வந்துவிடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'கௌ' என்ற எழுத்தைத் தனியாகப் படிப்பதில்லை, கூட்டிக்கொள்கிறது. 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா என்ற விளையாட்டு இதே கணக்கைத்தான் போட்டது: செயல் 5, பொருள் 10, இரண்டையும் சேர்த்தால் மந்திரம்.

நான் செயலுக்கு உயிர் என்றும் பொருளுக்கு மெய் என்றும் பெயர் வைத்தேன். மெய் ஆறு: நீர், தீ, மண், காற்று, உடல், நினைவு. உயிர் நாலு: காட்டு, கட்டு, பெருக்கு, விலக்கு. ஆறை நாலால் பெருக்கினால் 24, பழைய ரூன் வரிசையின் அதே எண்ணிக்கை. நான் திட்டமிட்டதல்ல, ஆனால் அமைந்தபோது சந்தோஷமாக இருந்தது. மனப்பாடம் செய்ய வேண்டியது பத்துதான்.

பெயர் வைத்த பிறகு புள்ளி தானாக வந்து சேர்ந்தது. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். உயிர் சேர்ந்தால் புள்ளி போய்விடும். எங்கள் ஆட்டத்திலும் புள்ளி வைத்த மெய்க்குறி தூங்குகிற குறி. முன்கூட்டியே செதுக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு திரியலாம், ஒன்றும் ஆகாது. புள்ளியைத் தேய்த்து உயிர்க்கோட்டைச் சேர்த்தால் விழித்துக்கொள்ளும். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியில்லாமலே எழுதினார்கள், படிப்பவர்தான் எது மெய், எது உயிர்மெய் என்று ஊகிக்க வேண்டும். அதையும் திருடிக்கொண்டேன்: எங்கள் கதையில் பழைய ஓலை எதில் குறி கண்டாலும் அது தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. தொடுவதா வேண்டாமா என்றே அரை மணி நேரம் பேசுவார்கள்.

சேர்க்கைகளின் பொருள் முழுவதையும் நீங்களே எழுதி வைக்காதீர்கள். 'நீர் கட்டு' எல்லோருக்கும் புரியும். 'நினைவு கட்டு' என்றால் மறக்காமல் இருத்துவதா, நினைவைப் பூட்டி வைப்பதா? எங்களிடம் யார் முதலில் எழுதுகிறாரோ அவர் பொருள் சொல்லலாம், மற்றவர்கள் தலையாட்டினால் நோட்டில் ஏறும், ஏறிய பிறகு எல்லோருக்கும் அதுதான் சட்டம். தங்கை 'பூட்டுவது' என்று சொல்லி ஏற்றிவிட்டு, நாலு வாரம் கழித்துத் தன் பாத்திரத்தின் மேலேயே அது எழுதப்பட்டபோது என்னை முறைத்தாள்.

வடிவம் வரைவதற்கு நேரம் செலவழிக்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கோடு மூன்றைத் தாண்டக்கூடாது. ஆடும்போது பால் பாயின்ட் பேனாவில் அவசரமாகக் கிறுக்கியும் அடையாளம் தெரிய வேண்டும். பழைய ரூன்களை அப்படியே எடுப்பதாக இருந்தால் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். சில வடிவங்களை நாஜிகள் சின்னமாக்கிக்கொண்டார்கள், எஸ்எஸ் படையின் இரட்டை மின்னல் அப்படி வந்ததுதான். நான் எல்லாவற்றையும் புதிதாகவே வரைந்தேன்.

எதன்மேல் எழுதினாயோ அதன்மேல்தான்

இனி முக்கியமான சட்டம். இது இல்லாமல் இரண்டே வாரத்தில் ஆட்டம் கெட்டது. நண்பனின் அத்தை மகன் பி.காம் படிக்கிறான், ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். எதிரியைப் பார்த்தவுடன் காகிதத்தில் 'உடல் விலக்கு' என்று எழுதி, "அவன் காலி" என்றான். அடுத்த எதிரிக்கும் அதே. கதை எங்கே நடக்கும்?

அன்று இரவு வேட்டியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. டோபி மார்க் அந்தத் துணிக்கு மட்டும்தான். எங்கோ ஒரு காகிதத்தில் குறியை வரைந்தால் வேட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடாது. குறி எதன்மேல் இருக்கிறதோ அதன்மேல்தான் வேலை செய்யும் என்று ஒரே வரி எழுதினேன். எதிரியை வீழ்த்த வேண்டுமா? கிட்டே போய், அவன் உடம்பில், அவன் சும்மா இருக்கும்போது எழுது பார்க்கலாம். தூரத்திலிருந்து சாகடிக்கும் மந்திரம் ஒரே வரியில் ஒழிந்தது. அதற்குப் பதிலாக எதிரியின் சட்டையில், செருப்பில், தண்ணீர்க் குடத்தில் எப்படிக் குறி போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். கதை தானாக நடந்தது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கேள்விக்கும் அதே வேட்டிதான் பதில். மற்ற விளையாட்டுகளில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் 'பத்து நிமிடம்', 'ஒரு மணி நேரம்' என்று எழுதி வைத்திருப்பார்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்களிடம் எதனால் எழுதினாயோ அதுதான் ஆயுள். சாக்பீஸ் என்றால் யாராவது கைபட உரசும்வரை. கரி என்றால் மழை வரும்வரை. சேங்கொட்டை மை என்றால் துணி நைந்து போகும்வரை, ஆனால் மேலே பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும், நிஜத்திலும் அப்படித்தான். உளியால் கல்லில் கொத்தினால் உன் பேரப்பிள்ளை காலத்திலும் நிற்கும், ஆனால் ஒரு குறிக்கு ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம், டொக் டொக் என்று சத்தத்தோடு. அட்டவணையே தேவைப்படவில்லை.

பகடைக்கு வருவோம். பல முகப் பகடைகள் ஆன்லைனில்தான் கிடைக்கும், விலையும் ஜாஸ்தி. வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை கிடந்தது. ஒரு கட்டையில் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று வெற்று. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் கூட்டுத்தொகை மூன்று வருவதற்கு 4 வழி. இரண்டுக்கு 3, நாலுக்கு 3. தாயத்துக்கு 2, ஐந்துக்கு 2. ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெற்றாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கும் ஒரே வழி. எங்கள் வீட்டு வழக்கப்படி தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் என்பதால் இந்த நாலும் நல்ல எண் என்பது எல்லோருக்கும் பழக்கம். அதையே வைத்துக்கொண்டேன். இந்த நாலில் ஒன்று விழுந்தால் குறி சுத்தமாக அமையும்: 16இல் 6. இரண்டோ நாலோ என்றால் அமையும், ஆனால் ஏதோ ஒரு விலை உண்டு, உளி உடையும், சத்தம் கேட்டு ஆள் வரும்: இதுவும் 6. மூன்று விழுந்தால் பிழை: 16இல் 4, அதாவது சரியாகக் கால் பங்கு.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள்: அவசரம் இருந்தால் மட்டும்தான் கட்டை. நிதானமாக, வெளிச்சத்தில், யாரும் தொந்தரவு செய்யாமல் எழுதினால் உருட்டவே வேண்டாம், சரியாக வரும்.

பிழை என்றால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று வைக்காதீர்கள், அது சப்பென்று இருக்கும். திமிங்கல எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பாக எழுதியதும் எழுத்துதான், அதுவும் வேலை செய்யும். எங்கள் உயிர்க்குறிகளில் 'கட்டு' வலப்பக்கம் சாயும் ஒரு கோடு, 'பெருக்கு' இடப்பக்கம் சாயும் ஒரு கோடு. கோடு மாறிச் சாய்ந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பானால் 'கெடு' 'கேடு' ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

கதை நடப்பது காசிமேட்டைப் போலவே இருக்கும் ஒரு துறைமுக ஊரில். இரவு, நடுக்கடல், மரப்படகின் அடியில் ஓட்டை, தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. அத்தை மகன் முந்திக்கொண்டான்: "நான் பலகைல சாக்பீஸால நீர் கட்டு எழுதுறேன்."

நான் வாய் திறப்பதற்குள் மெக்கானிக் சிரித்தான். "ஈரப் பலகைல சாக்பீஸ் எங்கடா பிடிக்கும்? நீ படகையே பாத்ததில்லையா?"

"அப்போ நீ சொல்லு மச்சான்."

"தார் இருக்கா?" என்று என்னைக் கேட்டான். படகில் தார் இருக்காதா, இருக்கிறது என்றேன். "காய்ச்சி ஊத்துறேன். இறுகுறதுக்குள்ள ஆணியால கீறுறேன்."

சட்டத்தில் தார் என்று நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தேவையும் இல்லை, தாரில் கீறினால் தார் இருக்கும்வரை நிற்கும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இறுகுவதற்குள் என்றால் அவசரம். கட்டையைக் கொடுத்தேன். ஒன்றும் இரண்டும். மூன்று.

கோடு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நீர் பெருக்கு. தாரில் கீறியது வேறு, உரசினாலும் போகாது. படகு மூழ்கும் என்று நினைத்தேன். தங்கை கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறி தார் மேல தானே இருக்கு? அந்தத் தார்க் கட்டியை அப்படியே பேத்துக் கடல்ல போடுறேன்" என்றாள். பெயர்த்து எறிந்தார்கள். ஓட்டை பழையபடி ஓட்டையாக இருந்தது, வாளியால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். எறிந்த இடத்தில் கடல் இன்றைக்கும் பொங்கிக்கொண்டிருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மீனவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போது அவர்கள் கரையில், பழைய ரயில் ஸ்டேஷன் ஒன்றில் இருக்கிறார்கள். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களைப் பார்த்து நான் வரைந்தது. ஒரு சுவர் முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறது. கீழே குறி ஏதாவது இருந்தால் அது அழிந்த கணக்கா, மறைந்த கணக்கா என்று போன வாரம் பெரிய வாக்குவாதம். எங்கள் தெருவில் தேர்தல் முடிந்ததும் சின்னங்களின் மேல் வெள்ளையடிப்பார்கள். நல்ல மழை அடித்தால் பழைய சின்னம் மறுபடி மங்கலாகத் தெரியும். அதனால் மறைந்த கணக்குதான் என்று தீர்ப்புச் சொன்னேன். கீழே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது தங்கை மட்டும், அந்த ஸ்டேஷனில் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள்.